‘எதிர்பார்க்கும் நிலையை நெருங்குகிறாள்’ என்றால் என்ன டீச்சர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரிப்போர்ட் கார்டு பற்றித்தான். எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கார்டு. முன்பெல்லாம் மதிப்பெண் போடுவார்கள், கூடியதா குறைந்ததா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாம். இப்போது மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒரு வாக்கியம் வருகிறது, அதற்குப் பொழிப்புரை சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது. பல வருடம் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தவள் நான் (பாஸாகாமல் இல்லை, பாடம் நடத்திக்கொண்டு), இப்படிப்பட்ட வாக்கியங்களை நூற்றுக்கணக்கில் எழுதியும் இருக்கிறேன். அதனால் நானே சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது நான்கு மாதம். ஒன்றாம் வகுப்பு முடியப்போகிறது. வாசிப்புக்கு ‘எதிர்பார்க்கும் நிலையை நெருங்குகிறாள்’, எழுதுவதற்கு ‘எதிர்பார்க்கும் நிலைக்குக் கீழே’, கணக்குக்கு ‘எதிர்பார்க்கும் நிலையில் இருக்கிறாள்’ என்று கார்டில் வந்திருக்கிறது. அதே வகுப்பில் படிக்கும் என் நாத்தனார் பையனுக்கு மூன்றிலும் ‘நிலையைத் தாண்டிவிட்டான்’. வீட்டில் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்கள். இவள் மந்தமா டீச்சர்? நான் வேலைக்குப் போவதால்தான் இப்படியா? — ஓர் அம்மா

பதில்: மந்தம் என்ற சொல்லை முதலில் வீட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் கார்டைப் பார்ப்போம்.

‘எதிர்பார்க்கும் நிலை’ என்பதை வகுப்பின் சராசரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்த வகுப்பு முடியும்போது ஒரு பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கும். எழுத்துகளை ஒலித்துக் காட்டுவது, தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பது, இரண்டு மூன்று வாக்கியம் சொந்தமாக எழுதுவது, இருபதுக்குள் கூட்டுவது கழிப்பது, இப்படி. அந்தப் பட்டியலுக்கு எதிரே உங்கள் மகளை வைத்துப் பார்க்கிறார்களே தவிர, மற்ற பிள்ளைகளுக்கு எதிரே அல்ல. அளவுகோலை வைத்து அளப்பதற்கும் ஆளோடு ஆளை நிறுத்தி அளப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை 1963ல் ராபர்ட் கிளேசர் என்ற அமெரிக்க உளவியலாளர் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, குடும்பக் கூட்டங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நாத்தனார் பையன் எப்போது பிறந்தான் என்று நீங்கள் எழுதவே இல்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். ஒரே வகுப்பில் உட்காரும் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட பன்னிரண்டு மாத இடைவெளி இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு வருடம் ஒன்றுமே இல்லை. ஆறு வயது நான்கு மாதம் என்றால் எழுபத்தாறு மாதம், அவன் அவளைவிடப் பதினொரு மாதம் மூத்தவன் என்று வைத்துக்கொண்டால், உங்கள் மகள் இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு அவன் கூடுதலாக வாழ்ந்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்! இங்கிலாந்தில் செப்டம்பரில் பிறந்தவர்கள்தான் வகுப்பிலேயே மூத்தவர்கள், ஆகஸ்டில் பிறந்தவர்கள் இளையவர்கள். அங்கே சிறு வகுப்புகளின் மதிப்பீட்டில் செப்டம்பர்ப் பிள்ளைகள் முன்னால் நிற்பதும் ஆகஸ்டுப் பிள்ளைகள் பின்னால் நிற்பதும் வருடா வருடம் புள்ளிவிவரத்தில் தெரிகிறது, வயது கூடக்கூட அந்த இடைவெளி சுருங்குவதும் தெரிகிறது. பிறந்த மாதத்துக்குப் பெற்ற அம்மா வேலைக்குப் போவதா காரணம்?

அடுத்தது அந்த மூன்று வாக்கியங்களை எப்படி எழுதுகிறார்கள் என்பது. வகுப்பறையின் உள் ரகசியம்தான், சொல்லிவிடுகிறேன். பட்டியலில் இருபது வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை பதினான்கைச் செய்கிறது, மூன்றை அரைகுறையாகச் செய்கிறது, மூன்றைத் தொடவே இல்லை. அதற்கு எந்தக் கட்டம்? ‘நெருங்குகிறாள்’ என்றும் போடலாம், ‘நிலையில் இருக்கிறாள்’ என்றும் போடலாம். எது அதிகம் பொருந்துகிறதோ அதைப் போடுவோம். கோட்டுக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நிற்கும் பிள்ளையும் ஒரு முழம் தள்ளி நிற்கும் பிள்ளையும் கார்டில் ஒரே வாக்கியத்தைத்தான் வாங்குவார்கள். அதனால் கட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இங்கிலாந்துக்காரர்கள் இதில் பட்டுத் தெளிந்தவர்கள். அங்கே ஏழு வயதுப் பிள்ளை இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள், அது போதாதென்று பள்ளிகளில் 2சி, 2பி, 2ஏ என்று வேறு பிரித்தார்கள். “என் பையன் 2பி” என்று பெற்றோர் சட்டை அளவு மாதிரி சொல்லிக்கொண்டார்கள், 2சியில் இல்லாத எது 2பியில் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசியில் 2014 செப்டம்பரிலிருந்து அந்த நிலைகளையே அரசு எடுத்துவிட்டது. பெற்றோருக்குப் புரியவில்லை என்பதும், பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை விட்டுவிட்டு எந்த எண்ணில் இருக்கிறது என்பதிலேயே எல்லார் கவனமும் போகிறது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் எண்ணை விட்டுவிட்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தார்கள். பெயர் அழகுதான். ஆனால் “இன்னும் அரும்புலயே இருக்கானா?” என்று கேட்க நம் ஆட்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எழுதுவதில் ‘கீழே’ என்று வந்ததற்கு நீங்கள் அதிகம் கலங்கியிருக்கிறீர்கள். இந்த வயதில் படிப்பதற்குப் பின்னால்தான் எழுதுவது வரும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான். படிக்கும்போது எழுத்து கண்முன்னே இருக்கிறது, அடையாளம் கண்டால் போதும். எழுதும்போது என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், அதற்குச் சொல் தேட வேண்டும், சொல்லுக்கு எழுத்துத் தேட வேண்டும், பென்சில் பிடித்த விரலும் ஒத்துழைக்க வேண்டும். தமிழில் இன்னொரு கூத்தும் உண்டு. ‘கொ’ என்று காதில் விழுவது முதலில் ககரம், ஆனால் கை முதலில் போட வேண்டியது ஒற்றைக்கொம்பு, நடுவில் க, கடைசியில் துணைக்கால். காதுக்கு ஒரு வரிசை, கைக்கு ஒரு வரிசை. ஆறு வயதில் அதில் தடுமாறாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

சரி, என்ன செய்வது? அடுத்த முறை ஆசிரியரைப் பார்க்கும்போது “எப்படிப் படிக்கிறாள்?” என்று கேட்காதீர்கள். அதற்கு “நல்லா படிக்கிறா, இன்னும் கொஞ்சம் முயற்சி எடுக்கணும்” என்ற பதிலை நாங்கள் ரெடியாக வைத்திருப்போம். “அவள் நோட்டைக் காட்டுங்கள், இதில் எந்த இடத்தைப் பார்த்துக் கீழே என்று போட்டீர்கள்? இதற்கு அடுத்து அவளிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்?” என்று கேளுங்கள். “சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை, மெய்யெழுத்துப் புள்ளியை விட்டுவிடுகிறாள்” என்று அவர் சொன்னாரென்றால் அதுதான் உண்மையான ரிப்போர்ட். அந்த இரண்டும் சில வாரங்களில் சரியாகிற விஷயம்.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் கடகடவென்று படிக்கிறான், ஒரு எழுத்துகூட விடுவதில்லை. ஆனால் கார்டில் வாசிப்பு குறைவு என்று இருக்கிறது. ஆசிரியர் கவனிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சண்டை போடலாமா? — ஒரு அப்பா

பதில்: போடுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அவன் இதுவரை பார்க்காத ஒரு பக்கக் கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, “அந்தப் பையன் ஏன் கதவைத் திறக்கவில்லை?” என்பது மாதிரி ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள். யார், எங்கே என்று கேட்டால் ஞாபகத்திலிருந்து சொல்லிவிடுவான், அதனால்தான் ஏன்.

1986ல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்புக்கு ஒரு எளிய வாய்ப்பாடு சொன்னார்கள். எழுத்துக்கூட்டும் திறன் ஒன்று, மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டினால் அல்ல, பெருக்கினால். அதனால் ஒன்று எவ்வளவு உயரமாக இருந்தாலும் மற்றது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் விடையும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு ஓரளவு ஒழுங்காக இருப்பதால், உயிர்மெய்யெல்லாம் பிடிபட்டுவிட்ட பிள்ளை பொருள் தெரியாமலே எதையும் கணீரென்று படித்துவிடும். நாம் புரிந்துதான் படிக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

இன்னொன்று, வீட்டில் நாம் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். ‘வந்தாங்க’ என்று பிறந்ததிலிருந்து கேட்ட பிள்ளைக்கு ‘வந்தார்கள்’ புரிந்துவிடும், ‘வந்தனர்’ சந்தேகம்தான், ‘வந்தவுடனேயே அறிந்துகொண்டனர்’ என்று வந்தால் அங்கேயே கதையை விட்டுவிடும். இது அறிவுக் குறைவு இல்லை, அந்தத் தமிழை அது காதால் கேட்டதே இல்லை, அவ்வளவுதான். அதனால் அவனே படித்துக்கொள்கிறான் என்பதற்காக நீங்கள் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். பல வீடுகளில் பிள்ளை எழுத்துக்கூட்ட ஆரம்பித்த மறுநாளே அது நின்றுவிடுகிறது. நடுவில் நிறுத்திப் பேசுங்கள், ஒரு சொல்லுக்கு அவன் வேறு சொல் சொல்லட்டும், அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கட்டும்.

கடகடவென்று படிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எங்கோ வேறு மொழிக்குப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு நம் பிள்ளையை மணிக்கூண்டு பார்த்து அளக்காதீர்கள். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறேழு சொல் வேண்டும்.

சோதனையில் ஏன் என்ற கேள்விக்கெல்லாம் அவன் டக்டக்கென்று பதில் சொல்லிவிட்டானா? அப்போது போய்க் கேளுங்கள். சண்டையாக வேண்டாம், எதை வைத்து மதிப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கூச்சத்தில் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளுக்கு எங்களாலும் தப்பான கட்டம் விழுந்திருக்கிறது.

கேள்வி: பேத்தியின் கார்டில் கணக்குக்கு 55வது பர்சன்டைல் என்று இருக்கிறது. நூற்றுக்கு 55 என்றால் ஜஸ்ட் பாஸ்தானே அம்மா? — ஒரு தாத்தா

பதில்: இல்லை ஐயா. அது அவள் வாங்கிய மதிப்பெண் இல்லை. அதே தேர்வை எழுதிய பிள்ளைகளில் நூற்றுக்கு 55 பேரைவிட அவள் முன்னால் இருக்கிறாள் என்று பொருள், அதாவது நடுவுக்குச் சற்று மேலே. இது ஆளோடு ஆளை நிறுத்தும் வகை, மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். அடுத்த முறை 49 என்று வந்தாலும் பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடாதீர்கள். நடுப்பகுதியில் பிள்ளைகள் நெருக்கமாக நிற்பார்கள், ஒன்றிரண்டு கேள்வி மாறினாலே அந்த எண் ஆறேழு நகர்ந்துவிடும்.

கேள்வி: நூறு வரைக்கும் நிற்காமல் சொல்லுவாள், பின்னாலிருந்தும் சொல்லுவாள். ஆனால் ‘எண்ணறிவு வளர வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார்கள். நூறு வரை சொல்பவளுக்கு இன்னும் என்ன வளர வேண்டும்? — ஒரு சித்தி

பதில்: பாட்டை முழுவதும் பாடுகிறவருக்கெல்லாம் பாட்டின் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லையே. எண்களை வரிசையாகச் சொல்வது பாட்டு மாதிரி. பொருள் தெரிகிறதா என்று பார்க்க ஏழு பொத்தானை மேஜையில் வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஏழு என்று முடித்ததும், “சரி, மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள் என்றால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் உறைக்கவில்லை. சரியாகச் சொன்னாள் என்றால் பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு இப்போது எத்தனை என்று கேளுங்கள். பரப்பி வைத்ததும் கூடிவிட்டது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே இதை வைத்தே பெரிய ஆராய்ச்சி செய்தார்.

இதெல்லாம் அவள் தாண்டியிருப்பாள் என்றே நினைக்கிறேன். அப்படியென்றால் சிக்கல் பத்தும் ஒன்றும் பிரிவதில் இருக்கலாம். பதினாறு என்று எழுதச் சொல்லிவிட்டு, அதிலிருக்கும் 1ஐத் தொட்டுக் காட்டி, “இதற்கு எத்தனை பொத்தான்?” என்று கேளுங்கள். ஒரு பொத்தானை எடுத்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அந்த 1 பத்து என்பது சின்ன விஷயம் இல்லை, அதைப் பிடித்த பிள்ளைக்குத்தான் கடன் வாங்கிக் கழிப்பது விளங்கும், பிடிக்காத பிள்ளை செய்முறையை மனப்பாடம் செய்யும்.

தமிழ் எண்ணுப்பெயர்கள் இதற்கு நன்றாகவே கைகொடுக்கும். இருபத்து மூன்று என்றால் இருபதும் மூன்றும் அதே வரிசையில் காதில் விழுகிறது. தொண்ணூறுதான் வில்லன். அதற்குள்ளே ஒரு நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஓர் ஆயிரம். அந்த இடத்தில் பிள்ளை முழித்தால் திட்டாதீர்கள், பெயர்தான் குழப்புகிறது. நூற்று ஐந்தை 1005 என்று எழுதினாலும் அப்படித்தான், நூறு எழுதி ஐந்து எழுதியிருக்கிறாள், காதில் விழுந்ததற்கு நேர்மையாக இருந்திருக்கிறாள்.

கேள்வி: கார்டில் என்ன வந்திருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லலாமா? அடுத்த முறை மேலே போனால் சைக்கிள் என்று சொல்லியிருக்கிறேன். — ஓர் அம்மா

பதில்: சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், சொல்லிவிட்டீர்கள். ஆனால் இதோடு அதை முடிச்சுப் போட வேண்டாம். நிலை மேலே போவது பிள்ளையின் கையில் இருக்கும் காரியமே இல்லை. தினமும் பத்து நிமிடம் படிப்பது வேண்டுமானால் அதன் கையில் இருக்கிறது.

சொல்வதைப் பற்றி: 1988ல் ரூத் பட்லர் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு எது சரி எது திருத்த வேண்டும் என்ற குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் வாங்கியவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை, மதிப்பெண்ணைப் பார்த்ததும் குறிப்பு காணாமல் போய்விடுகிறது. பெரியவர்களான நாமும் கார்டில் அப்படித்தானே பார்க்கிறோம்? ஆறு வயதுப் பிள்ளையிடம் கட்டத்தின் பெயரைச் சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை. “கதை சொல்லும்போது முடிவை விட்டுவிடுகிறாயாம், இன்றைக்கு முடிவோடு சொல்லு பார்ப்போம்” என்றால் அது கேட்டுக்கொள்ளும்.

கேள்வி: என் மகனுக்கு ஏழரை வயது. போன வருடமும் இந்த வருடமும் வாசிப்பில் அதே கடைசி நிலை. கேட்டால் தானாக வந்துவிடும், பொறுங்கள் என்கிறார்கள். எல்லாரும் பொறு பொறு என்கிறார்கள். எனக்குத்தான் பொறுக்க முடியவில்லை. — ஓர் அம்மா

பதில்: உங்களை நான் பொறுக்கச் சொல்லமாட்டேன். மேலே எழுதியவர்களுக்கெல்லாம் பதறாதீர்கள் என்று சொல்லிவிட்டு உங்களுக்கு இதைச் சொல்கிறேன்.

முதலில் காதும் கண்ணும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காதின் உள்ளே நீர் கோத்து, சில நாள் நன்றாகக் கேட்கும், சில நாள் மந்தமாகக் கேட்கும். கூப்பிட்டால் திரும்பும், அதனால் நமக்குத் தெரியாது, ஆனால் லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள நுணுக்கமெல்லாம் அந்தக் காதில் விழாது. இரண்டையும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அந்தக் கடைசி நிலைக்குள்ளேயே அவன் நகர்ந்திருக்கிறானா என்று பாருங்கள். இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வில் வீடு வீடாகப் போய்ச் சில நிமிடத்தில் ஒரு பிள்ளையின் வாசிப்பைப் பார்த்துவிடுவார்கள். தனி எழுத்து, சொல், சின்னப் பத்தி, கொஞ்சம் நீளமான கதை, இந்த நான்கு படிதான். முதலில் பத்தியைக் கொடுப்பார்கள், சரளமாக வந்தால் கதைக்கு ஏறுவார்கள், வராவிட்டால் சொல்லுக்கு, அதுவும் இல்லையென்றால் எழுத்துக்கு இறங்குவார்கள். வீட்டில் நீங்களும் இதைச் செய்யலாம். போன வருடம் எழுத்தில் நின்றவன் இப்போது சொல்லுக்கு வந்திருந்தால், கார்டு நகராவிட்டாலும் பிள்ளை நகர்ந்திருக்கிறான்.

நகரவே இல்லை என்றால் வேறு சிலவற்றையும் கவனியுங்கள். ‘பட்டம்’ என்ற சொல்லில் முதல் ஒலி என்ன, ‘கல்’லில் ககரத்தை எடுத்துவிட்டுப் பகரம் வைத்தால் என்ன சொல் என்று விளையாட்டாகக் கேட்டால் சொல்கிறானா? நேற்றுப் படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பது போல் பார்க்கிறானா? எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து ஊகிக்கிறானா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் படிக்கச் சிரமப்பட்டிருக்கிறார்களா? 3ஐயோ 5ஐயோ திருப்பிப் போடுவதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள், ஏழு வயது வரை அது சாதாரணம். ஆனால் மேலே சொன்னவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் டிஸ்லெக்ஸியா எனும் வாசிப்புக் குறைபாடா என்று முறையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். புத்திசாலித்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஏழு வயதில் உதவி கிடைத்தால் பத்து வயதில் கிடைப்பதைவிட வேலை சுலபம், அதோடு இடையில் மூன்று வருடம் ‘எனக்குப் படிக்க வராது’ என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமலும் இருப்பான்.

பள்ளிக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இன்றைக்கு ஒரு பக்கத்தை அவனைப் படிக்கச் சொல்லி, எங்கே நின்றான், எதை எப்படி மாற்றிப் படித்தான் என்று தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து அதே பக்கத்தை மறுபடி படிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே குறியுங்கள். பரிசோதனைக்கு நேரம் கேட்பதை அதுவரை தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே கேட்டுவிடுங்கள். அந்த இரண்டு பக்கத்தின் நகலையும் எனக்கும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.